நிலவு இறங்காத கிழமை

ஆரணி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து, வடக்கே போகிறேன், பெப்ரவரி முடியும்வரை திரும்ப மாட்டேன் என்று சொன்னபோது நான் குசினிக்குள் போய்விட்டேன். தேத்தண்ணீர் போடப் போகிறேன் என்று நினைத்திருப்பாய். தண்ணீர் கொதித்து அடங்கிய பிறகும் நான் அங்கேயே நின்றேன். வெளியே வந்தபோது நீ வாசலில் காலுக்குச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தாய். "பேந்து கதைப்பம் அப்பா" என்றாய். நம் வீட்டில் அந்தப் 'பேந்து', பிறகு பிறகு என்று, அம்மா எங்களை விட்டுப் போன வருடத்திலிருந்து நடக்கிறது. ஆகவே எழுதுகிறேன். தமிழ் வாசிக்க உனக்கு நேரமெடுக்கும் என்று தெரியும். மெதுவாக வாசி. ஜெசி மாமி இதை வாசித்துவிட்டாள். அம்மாவைத் தெரிந்த வேறு யார் வாசித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் எழுதுவது உனக்குத்தான்.

நீ போகிற இடம், வட துருவத்துக்குக் கிட்ட நான் ஒரு குளிர்காலம் இருந்த நிலையத்திலிருந்து அதிக தூரமில்லை. நீ வானத்தைப் பார்க்கும் கருவிகளோடு இருக்கப் போகிறாய். நான் ஜெனரேட்டரோடு இருந்தேன். மொன்றியல் துறைமுகத்தில் குளிர்க் கொள்கலன்களின் எஞ்சின்களைத் திருத்திக்கொண்டிருந்தவனுக்கு அந்த வேலை பெரிய மாற்றமில்லை. மாற்றம் இருட்டுத்தான். ஒக்டோபர் கடைசியில் சூரியன் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், பிறகு வராது. முதல் சில கிழமைகள் மத்தியானத்தில் தெற்குப் பக்கம் கொஞ்சம் நீலம் தெரியும். டிசம்பரில் அதுவும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும்போது வெளியே வானம் முழுக்க நட்சத்திரம். அப்போது ஒரு விஷயம் செய். அந்த மத்தியான நேரத்தில், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு நாளும் வெளியே போய் நில். கருவியின் திரையில் வானத்தைப் பார்த்தேன், அது போதும் என்று இருந்துவிடாதே. அப்படி இருந்த ஒரு பொடியனை எனக்குத் தெரியும். ஜனவரியில் அவன் யாரோடும் சாப்பிடுவதை நிறுத்தினான், பிறகு தூங்குவதையும் நிறுத்தினான். பசிக்காவிட்டாலும் மற்றவர்களோடு மேசையில் போய் உட்கார். எல்லாரும் துருவத்து வானத்தில் ஆடுகிற பச்சை வெளிச்சத்தைப் பற்றிக் கேட்பார்கள். அவ்வளவு வடக்கே அது குறைவு, அது எங்களுக்குத் தெற்கேதான் ஆடும். இதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் துருவ நட்சத்திரம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்பதை முதல் தரம் பார்க்கும்போது உனக்குக் கழுத்து வலிக்கும். நான் ஊரில் கடற்கரையோரத்தில் வளர்ந்தவன். எங்களுக்கு அது கடலுக்குச் சற்று மேலே, தொட்டுவிடலாம் போல் இருந்தது. நாம் இருக்கிற லாசாலில் அது பாதி வானத்தில் நிற்கிறது. அது உச்சியில் நின்றதைப் பார்த்த அன்றைக்குத்தான், அவ்வளவு தூரம் வந்துவிட்டேனா என்று எனக்கு உறைத்தது.

இதை நான் முதலில் சொன்னது அம்மாவுக்கு. அந்த நாட்களில் அங்கே முகம் பார்த்துக் கதைக்கும் அளவுக்கு இணையம் இல்லை. விண்ணில் சுற்றும் செய்மதி வழியாகப் பேசுகிற தொலைபேசிதான். நாம் ஒன்று சொன்னால் அது போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், பதில் வர இன்னும் கொஞ்சம். பழகாதவர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைத்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். அம்மா சீக்கிரம் பழகிவிட்டாள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தொலைபேசி எடுப்பாள். உன் படிப்பு, கோயில் கதை, புவாண்ட்-கிளேர் களஞ்சியத்தில் அவளோடு பெட்டி கட்டுகிற பெண்களின் கதை எல்லாம் முடிந்த பிறகு, "சரி, இண்டைக்கு வானம் எப்பிடி?" என்று கேட்பாள். நான் சொல்வேன். அங்கே நட்சத்திரங்கள் எழுவதும் இல்லை, விழுவதும் இல்லை, தட்டில் வைத்துச் சுற்றுவதுபோல் சுற்றுகின்றன என்பேன். ஆறாமீன், அந்தக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், மறைவதே இல்லை என்பேன். அவள் தொலைபேசியோடு பல்கனிக்குப் போவாள். அங்கே டோர்வல் விமான நிலையத்தில் இறங்குகிற விமானங்களைத் தவிர ஒன்றும் தெரியாது. "எனக்கு ஒண்டும் தெரியேல்லை, நீங்களே பாத்துச் சொல்லுங்கோ" என்பாள். நீ அப்போது சேஜப் கல்லூரியில் முதல் வருடம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பாய். அம்மா குளிரில் பல்கனியில் நின்று யாரோடு இவ்வளவு சிரிக்கிறாள் என்று உனக்குத் தோன்றியிருக்கலாம்.

அம்மா வேலையிடத்தில் விழுந்த செய்தியை எனக்குச் சொன்னது நீ. மூளைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது என்று பிரெஞ்சில் சொன்னாய், தமிழில் அதற்குச் சொல் வரவில்லை. அழவில்லை. "அப்பா, நீங்கள் எப்ப வாறியள்?" என்று மட்டும் கேட்டாய். நாளைக்கு என்றேன். அப்போது எனக்கு அது உண்மைதான். நிலையத் தலைவர் அந்த நேரமே விமானத்துக்குச் சொல்லிவிட்டார். என் வேலையைப் பார்க்க மாற்று ஆள் அதே விமானத்தில் வர இருந்தார். அன்றிரவே காற்று எழும்பியது.

அந்தக் காற்றைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ அதற்குள் இருக்கப் போகிறாய். அது வானத்திலிருந்து விழுகிற பனி இல்லை. தரையில் கிடக்கிற பனியைக் காற்று தூக்கிக்கொண்டு ஓடும். உன் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. ஆனால் தலையை நிமிர்த்தினால் மேலே வானம் தெளிவாக இருக்கும். அந்த வாரம் முழுநிலவுக் கிழமை. அங்கே மாரிக் குளிர்காலத்தில் முழுநிலவு வந்தால் அது இறங்காது. அடிவானத்துக்கு மேலே நின்று நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வரும். விமானம் வந்து எங்களுக்கு மேலே சுற்றினாலும் விமானிக்கு நிலவும் நட்சத்திரமும் தெரியும், ஓடுபாதை தெரியாது. நாங்கள் எட்டுப் பேர். எல்லாரும் முறை வைத்து ஓடுபாதையை வழித்தோம். சமையற்காரர்கூட வந்தார். வழித்து முடிக்கும்போது தொடங்கிய இடம் மூடியிருக்கும். நான் ஒவ்வொரு நாளும் உனக்கு நாளைக்கு என்று சொன்னேன். நீ ஒவ்வொரு நாளும் சரி என்றாய். உன் குரல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சின்னதாகிக்கொண்டு வந்தது.

பிறகு ஒரு காலையில் எழும்பினேன், சத்தமே இல்லை. காற்று விழுந்துவிட்டது. ஓடுபாதை கடைசி விளக்குவரை தெரிந்தது. நான் பையைக் கட்டிக்கொண்டு சாப்பாட்டு அறைக்கு வந்தேன். காலநிலை பார்க்கிற கமீல் என்ற பெண் எனக்காக அங்கே நின்றாள். எங்களை விட்ட புயல், விமானம் நிற்கிற ஊருக்கு இறங்கிவிட்டது என்றாள். இந்தக் கிழமை முடியும்வரை அங்கிருந்து ஒன்றும் கிளம்பாது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் என் பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அன்றைக்கு மத்தியானத்துக்குச் சற்று முன் ஆஸ்பத்திரியிலிருந்து டொக்டர் தொலைபேசி எடுத்தார். நீ அந்த நேரம் அங்கே இல்லை. மாமி உன்னை வற்புறுத்தி, குளித்து உடுப்பு மாற்ற வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தாள். அதனால் இப்படி ஒரு அழைப்பு வந்தது உனக்குத் தெரியாது. டொக்டர் நல்ல மனிதர், அவசரப்படவில்லை. மூச்சு மெசின்தான் விடுகிறது, அம்மா இனித் திரும்ப மாட்டாள், இரண்டு தரம் சோதித்துப் பார்த்துவிட்டோம் என்றார். கணவன் என்ற முறையில் என் சொல் வேண்டும் என்றார். நான் வந்து சேரும்வரை அப்படியே வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். அவளுக்கு அதனால் வலி இருக்காது என்றும் சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, "உங்கள் மகள் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையை விட்டு எழும்புவதில்லை. சாப்பிடுவதும் இல்லை" என்றார். ஒரு மணித்தியாலம் தாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உடுப்பை மாட்டிக்கொண்டு ஜெனரேட்டர்க் கொட்டிலின் பின்பக்கம் போய் நின்றேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்படி ஒரு வானத்தை நான் பார்க்கவில்லை. நிலவு மலைக்கு மேலே நின்றது. பனியில் என் நிழல் விழுந்தது. எங்களில் ஒருவனான போலூசி அங்கே பனி வழிக்கிற உழவு வண்டியின் சங்கிலியைத் தட்டிக்கொண்டிருந்தான். கெபெக்கின் வடக்குக் கரையில், அந்தப் பனிநாட்டுப் பழங்குடியினரான இனுயிட் சனத்தின் ஊர் ஒன்று அவனுக்கு. என் வயதுதான். அவனும் நானும் அரைகுறை ஆங்கிலத்தில் எஞ்சினையும் ஹொக்கியையும் தவிர வேறு கதைத்தது இல்லை. அவன் தட்டுவதை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். வைத்திருக்கச் சொல்லட்டுமா, விடட்டுமா என்று அவனிடம் கேட்டேன். யாரிடமாவது கேட்க வேண்டியிருந்தது.

அவன் தன் தாயைப் பற்றிச் சொன்னான். அவளை நோயோடு விமானத்தில் மொன்றியலுக்குக் கொண்டுபோனார்களாம். கூடப் போக ஒருவருக்குத்தான் இடம். அவனுடைய தங்கை போனாள், பதினாறு வயது. தாய்க்கு நினைவு தப்பிய பிறகு அவன் தொலைபேசியில், நான் வரும்வரை பார்த்துக்கொள் என்று தங்கையிடம் சொன்னான். காலநிலை விடவில்லை. அவன் போய்ச் சேர்ந்தபோது தாய் உயிரோடுதான் இருந்தாள், முகத்தைப் பார்த்தான். "என் அம்மா எனக்காகக் காத்திருந்தா என்று சனம் சொல்லுவினம்," என்றான். "அம்மா இல்லை. காத்திருந்தது தங்கச்சி. அந்த அறையிலயிருந்து அவள் இன்னும் வெளியில வரேல்லை." அவன் ஆங்கிலத்தில் சொன்னதை நான் என் பாஷையில் எழுதுகிறேன். ஆனால் அவன் சொன்னது இதுதான்.

அவ்வளவும் சொல்லிவிட்டு அவன் போகாமல் நின்றான். எனக்கு உன் அம்மாவின், என் ரஞ்சியின், முகம் வேண்டியிருந்தது, ஆரணி. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்த முகம் சூடாக இருக்கும்போது ஒரு தரம் தொடுவதற்கு நான் எதையும் கொடுத்திருப்பேன். வைத்திருங்கள் என்று சொன்னால் அது கிடைக்கும். அடுத்த கிழமையோ அதற்கு அடுத்ததோ கிடைக்கும். அதுவரை நீ அந்தக் கதிரையில் இருப்பாய். ஒவ்வொரு நாளும் நான் உனக்கு நாளைக்கு என்று சொல்வேன். உனக்கு அப்போது பதினெட்டு வயது. நான் நிலவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணிமை ஒட்டிக்கொண்டது, விரலால் உருக்கிப் பிரித்தேன். பிறகு உள்ளே போனேன்.

நான் திரும்பத் தொலைபேசி எடுத்தபோது நீ ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டிருந்தாய். டொக்டர் ஸ்பீக்கரில் போட்டு, முடிவு எடுத்துவிட்டீர்களா, மெசினை நிறுத்தச் சம்மதமா என்று பிரெஞ்சில் கேட்டார். நான் ஓம் என்றேன். நீ கேட்டது அந்த ஒரு சொல்லைத்தான். நீ ஏதோ சொல்லத் தொடங்கினாய், அது எனக்கு வந்து சேருமுன் நான், தொலைபேசியை அம்மாவின் காதில் வை என்று சொன்னேன். நீ வைத்தாய். அதற்கு உனக்கு நான் நன்றி சொன்னதே இல்லை.

அவளிடம் என்ன சொன்னேன் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. செபம் சொல்ல நினைத்திருந்தேன், வரவில்லை. கலியாணம் கட்டியதிலிருந்து சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்ல நினைத்தேன், அதுவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்வதைத்தான் சொன்னேன். "ரஞ்சி, இண்டைக்குக் காத்து விழுந்திட்டுது. வானம் நல்ல வெளிப்பு. நிலவு இன்னும் இறங்கேல்லை, சுத்திக்கொண்டுதான் நிக்குது. ஆறாமீன் தெரியுது. பிள்ளை உனக்குப் பக்கத்திலை இருக்கிறாள். நீ பயப்பிடாமல் போய்ட்டு வா." இதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு உன் குரல் வந்தது. "அப்பா, முடிஞ்சுது" என்றாய். அந்தத் தொலைபேசியில் எதுவும் பிந்தித்தான் வரும். நீ அதைச் சொன்ன நேரத்தில் நான் இன்னும் அவளோடு கதைத்துக்கொண்டிருந்தேன். கடைசியாகச் சொன்னவை அவளுக்குப் போய்ச் சேர்ந்தனவா, உனக்குத்தான் கேட்டனவா என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்குப் பின்னேரம் இரண்டாவது எஞ்சினுக்கு எண்ணெய் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினேன். வேறு யாருக்கும் அது தெரியாது. போலூசி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

விமானம் வந்தபோது செத்தவீட்டுப் பூசை முடிந்துவிட்டது. ரொறன்ரோவிலிருந்து வந்த சொந்தக்காரருக்கு வேலை, பாதருக்கு வேறு பூசைகள், யாரையும் குறை சொல்ல முடியாது. நான் லாசால் வீட்டுக் கதவைத் தட்டினேன், பூட்டின் திறப்பு என் பையில் இருந்தும். நீ திறந்தாய். என் முகம் குளிரில் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. நீ என்னைப் பார்த்து, "சாப்பாடு அடுப்பிலை இருக்கு" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனாய். நிலம் இறுகிக் கிடந்ததால் அம்மாவை வசந்தம்வரை கல்லறைத் தோட்டத்து மண்டபத்தில் வைத்திருந்தார்கள். ஏப்ரலில் மண் இளகிய பிறகு அடக்கம் செய்தோம். சேறு. உன் சப்பாத்து புதைந்தது. நான் கை நீட்டினேன், நீ மாமியின் கையைப் பிடித்து அந்தப் பக்கம் போய் நின்றாய். எனக்கும் உனக்கும் நடுவில் அம்மா இருந்தாள்.

அதற்குப் பிறகு நீ படிக்க வேறு நகரத்துக்குப் போனாய். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வருவாய், போவாய். ஒரு நத்தாருக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, நான் உப்பைப் பற்றியோ எதையோ சொல்ல, நீ திரும்பிப் பார்க்காமல், "ஒரு ஓமிலை அம்மாவை விட்டிட்டியள். ஒரு நாள் பொறுக்கச் சொல்லேல்லை" என்றாய். நான் பாத்திரத்தைத் துடைத்து அலமாரியில் வைத்தேன். ஏன் பேசாமல் இருந்தேன் என்று மாமி பல தரம் கேட்டுவிட்டாள். என்ன சொல்ல? உனக்காகத்தான் விட்டேன் என்றா? தாயின் மூச்சை நிறுத்தியது உன் பொருட்டு என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? நீ என்னைக் கோபிப்பது, நீ உன்னையே நோவதைவிட நல்லது என்று இருந்துவிட்டேன். இப்போது உனக்கு வயது வந்துவிட்டது. நான் நின்ற இடத்துக்கே போகிறாய். அங்கே ஏதோ ஒரு மத்தியானம் நீ நிமிர்ந்து பார்த்து, அப்பா இதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் சொன்னேன். உன்மேல் பாரம் ஏற்றவில்லை. பிழை என்றால் அது என்னுடையது. சரி என்றாலும் என்னுடையது. உனக்கு அதில் பங்கில்லை. திரும்ப அதே மத்தியானம் வந்தாலும் நான் அதையே சொல்வேன். அது எனக்கு ஆறும் என்று நினைக்காதே. ஆறவில்லை. ரஞ்சியின் தலையணைக்குப் பக்கத்தில்தான் இன்னும் படுக்கிறேன், அவளுடைய தலையணை வெறுமையாக இருக்கிறது.

என் நெஞ்சு வால்வைப் பற்றி டொக்டர் சொன்னது உனக்குத் தெரியும். இந்த மாரியில் எனக்கு ஏதும் நடந்தால், என் கூடப்பிறந்தவள் என்ற முறையில் மாமி முடிவெடுப்பாள். உனக்காக ஒன்றையும் பிந்த வைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். நீ காற்றுக்குள் விமானம் தேடாதே. செய்தி வந்தால், எவ்வளவு பெரிய வேலை என்றாலும் அன்றைக்கு ஒரு நேரம் சாப்பிடு, யாரையாவது பக்கத்தில் நிற்கச் சொல். நீ ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாய் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பதில் அம்மாவாக இருக்கும் என்று பயம். என்மேல் உள்ள கோபமாக இருக்கும் என்றும் பயம். இனியும் கேட்க மாட்டேன். நல்லாகச் செய்.

புதன்கிழமை காலை விமான நிலையம் போக டக்சிக்குச் சொல்லிவிட்டேன், நீங்கள் வர வேண்டாம் என்று நீ சொன்னாய். நான் வருவேன், ஆனால் உள்ளே வர மாட்டேன். புறப்பாட்டுக் கதவுக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு இருப்பேன். பொலிஸ் எழுப்பினால் ஒரு சுற்றுச் சுற்றி வந்து திரும்ப நிற்பேன். நீ காருக்குக் கிட்ட வர வேண்டியதில்லை. கை காட்ட வேண்டியதும் இல்லை. நீ கதவுக்குள்ளே போவதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அம்மா போனதைப் பார்க்க எனக்குக் கிடைக்கவில்லை.

அப்பா